எனக்குச் சொல்லாத குழாய்

ஜனவரி 9

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் வயிற்றுக்குள் ஒரு குழாய் இருக்கிறது. அது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? இதற்குத்தான் பதில் வேண்டும்.

போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் "அதில்ல மாமா" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தில் நான் முடிக்கிற வரைக்கும் நீங்கள் வாயைத் திறக்க முடியாது. நான் சொல்லச் சொல்ல உங்கள் அத்தை எழுதுகிறாள். எனக்கு எழுத்துத்தான் வராது. நடந்தது எதுவும் மறக்காது.

போன வாரம் இடது விலாவுக்குக் கீழே வலி, கூடவே குளிர் ஜுரம். இங்கே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். எடுத்த பெண் படத்தைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இந்தக் குழாய் எப்ப வெச்சது?" என்றாள்.

"எந்தக் குழாய்மா?"

"இதோ, உள்ள இருக்கே."

"படம் மாறிடுச்சும்மா. இது வேற யாரோடதோ."

அவள் சிரிக்கவில்லை. டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் விரலை வைத்துக் காட்டினார். எலும்புக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு கோடு, கிட்னியிலிருந்து மூத்திரப் பை வரைக்கும். இரண்டு முனையும் பன்றிவால் மாதிரி சுருண்டிருக்கிறது. வெந்நீர்ப் பாத்திரத்தில் உப்புப் படிவதுபோல இரண்டு சுருளிலும் கல் கட்டியிருக்கிறது. "இதை ரெண்டு மூணு மாசத்துக்குள்ள எடுத்திருக்கணுமே. எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார். நான் முழித்தேன். எழுபத்திரண்டு வயது ஆள் தன் வயிற்றில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் முழிக்கிறதை வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். உங்கள் ஊரில் வைத்தியம் பார்த்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். முதல் தடவை என்னை மேசைமேல் படுக்கவைத்து, மெஷினால் வெளியிலிருந்தே தட்டினார்கள். ரப்பர் பட்டையால் சுண்டுகிற மாதிரி இருந்தது. கல் உடைந்து பொடியாக வந்தது. அப்புறம் மறுபடி வலி. உடைந்த துண்டு வழியில் அடைத்துக்கொண்டது என்றீர்கள். "ஒரு ஸ்கேன்தான் மாமா, தூங்க ஊசி போடுவாங்க" என்றும் சொன்னீர்கள். முழித்துப் பார்த்தால், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட டாக்டர் வாசலில் நின்று உங்களிடம் பேசிக்கொண்டிருந்தார். நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தீர்கள். "என்ன சொல்றாரு?" என்று கேட்டேன். "தண்ணி நிறையக் குடிக்கச் சொல்றாரு மாமா" என்றீர்கள். அவ்வளவு நேரமும் தண்ணீரைப் பற்றியா பேசினார்?

அதற்குப் பிறகு எரிச்சல். மூத்திரம் சிவப்பாகப் போனது. பெற்ற மகளாச்சே என்று பாப்பாவிடம் கேட்டேன். "மாத்திரைச் சூடுப்பா" என்றாள். நான் ஹாலுக்கு வந்தால் நீங்கள் இருவரும் பேச்சை நிறுத்துவீர்கள். டிவி சத்தத்தைக் கூட்டுவீர்கள். நான் இங்கே பாரமாகிவிட்டேன், அதைத்தான் பேசுகிறார்கள் என்று நினைத்து ஒரு காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அன்றிலிருந்து பாப்பாவுக்கும் எனக்கும் சரியாகப் பேச்சில்லை.

நீங்கள் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்கு மேலே ஸ்பானரை வைத்துவிட்டு மறந்து வந்தால் உங்கள் முதலாளி தட்டிக்கொடுப்பாரா? நான் பேக்கரிக்காரன். ரொட்டிக்குள் கத்தியை வைத்துச் சுட்டு விற்றிருந்தால் ஊர் என்னை விட்டிருக்குமா?

உங்கள் அத்தை குழாய் என்ற வார்த்தையை மூன்று தடவை தப்பாக எழுதி அடித்துவிட்டாள். அவளாவது என்மேல் பாசம் வைத்திருக்கிறாள்.

பதில் எழுதுங்கள். தண்ணீரைப் பற்றி எழுத வேண்டாம்.

மாமா


ஜனவரி 17

மாமாவுக்கு வணக்கம்.

தெரியும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். ஆனாலும் என் பக்கத்தையும் கேளுங்கள்.

அன்றைக்கு டாக்டர் சொன்னது இது. உடைந்த துண்டுகள் வழியை அடைத்துக்கொண்டன. சிறுநீர் இறங்க வழியில்லாமல் கிட்னி வீங்கியிருக்கிறது. இப்படியே விட்டால் கெட்டுப்போகும். உள்ளே ஒரு குழாய் வைத்தால் அதன் வழியாக இறங்கும், கிட்னி பிழைக்கும். ஆறு வாரம் கழித்து மிச்சத் துண்டையும் குழாயையும் எடுத்துவிடலாம். நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை? அதற்கு முந்தின தடவை கையில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரி உடையோடு பஸ் ஸ்டாண்டுவரை போனது நீங்கள். நான் பைக்கில் துரத்தி வந்து பிடித்தேன். வயிற்றுக்குள் குழாய் வைக்கப்போகிறார்கள் என்று சொல்லியிருந்தால் எந்த ஊரில் போய் உங்களைப் பிடிப்பது? மாமா பயப்படுவார், எடுத்த பிறகு சொல்லலாம் என்று நானும் பாப்பாவும் பேசி முடிவு செய்தோம். ஹாலில் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். பாரம் என்று யாரும் நினைக்கவில்லை.

நீங்கள் கோபித்துக்கொண்டு போன பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். நான் உங்களுக்குப் போன் செய்து செக்கப்புக்கு வரச் சொன்னேன். நீங்கள் சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. "வலி இல்லாதவனுக்கு என்ன செக்கப்பு? உங்க டாக்டருக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

அதன் பிறகு பாப்பா அத்தையிடம் விஷயத்தைச் சொல்லி, உங்கள் ஊரிலேயே காட்டச் சொன்னாள். கொஞ்ச நாள் கழித்து அத்தை, "எல்லாம் சரியாயிடுச்சு, அப்பா நல்லா இருக்காரு" என்றார். அங்கேயே எடுத்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டோம். மறுபடி கேட்காதது என் தப்பு.

அத்தைதான் இதையும் படித்துக் காட்டுவார் என்று தெரியும். எழுதாமல் விட்டால் மறுபடி ஒன்றை மறைத்ததாகும்.

மாப்பிள்ளை


ஜனவரி 25

மாப்பிள்ளைக்கு,

இதை எழுதுவது சலூன்காரர். காரணம் உங்களுக்கே தெரியும்.

உங்கள் அத்தை கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவள், "அதன் பிறகு பாப்பா" என்ற இடத்தில் நின்றுவிட்டாள்.

"மேல படி."

"ஒண்ணுமில்ல. கையெழுத்து புரியல."

"மாப்பிள்ளை எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும்னு நீதானே சொல்லுவே?"

படித்தாள். ஒரு வரி விடாமல் படித்தாள், அதற்காக அவளைப் பாராட்ட வேண்டும். பிறகு அடுப்படிக்குப் போய், கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவ ஆரம்பித்தாள். நான் போய்க் கதவருகே நின்றேன்.

"எனக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணி நூல் போட்டாங்கல்ல, அது தானா கரைஞ்சு போச்சு. இதுவும் அப்படித்தான்னு நெனச்சேன்."

"குழாய் எப்படிடி கரையும்?"

"குழாய்னு யாரு சொன்னா? உள்ள ஒண்ணு வெச்சிருக்காங்கன்னுதான் பாப்பா சொன்னா. உங்களுக்கும் எரிச்சல் நின்னுச்சு, வலி நின்னுச்சு. கரைஞ்சிடுச்சுன்னு இருந்துட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை?"

"நீங்க பயப்படுவீங்க."

மாப்பிள்ளை, நாற்பது வருஷம் ரொட்டி அடுப்பின் வாயில் நின்றவன் நான். கையில் முடி இல்லை, பாருங்கள், எல்லாம் கருகிப்போனது. அடுப்பில் தட்டை ஏற்றிவிட்டால் இறக்குகிற வரைக்கும் நகரக் கூடாது. நகர்ந்தால் ஒரு தட்டு ரொட்டி கரி. அதனால் தண்ணீர் குடிக்க மாட்டோம். குடித்தால் போக வேண்டியிருக்கும். அப்படி நின்றவனைப் பார்த்து மூன்று பேர் கூடி பயந்தாங்கொள்ளி என்று முடிவு செய்திருக்கிறீர்கள். ஆஸ்பத்திரி உடையோடு ஓடினேன், இல்லை என்று சொல்லவில்லை. ஏன் ஓடினேன்? என்ன செய்யப்போகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாத இடத்திலிருந்துதான் மனிதன் ஓடுவான்.

வலி இல்லாதவனுக்கு என்ன செக்கப்பு என்று கேட்டேனாம். குழாய் இருக்கிறது, எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே வந்து நின்றிருக்க மாட்டேனா? செக்கப்பு என்றால் யார் வருவார்கள்?

(சலூன்காரர், "இவ்வளவு காரமா எழுதணுமா பெரியவரே?" என்கிறார். எழுதச் சொல்லியிருக்கிறேன்.)

இப்போது நிலைமை கேளுங்கள். கையில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். எந்தக் கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று அதில் தெரியுமாம். நூறு பங்கு வேலையில் வலது எண்பத்தொன்பது செய்கிறது. இடது வெறும் பதினொன்று. டாக்டரம்மாவிடம் நானே கேட்டேன்.

"மெஷினால தட்டினதுலதான் கெட்டுச்சா?"

"தட்டும்போது கிட்னி கொஞ்சம் கன்னிப்போகும், ரத்தம் கசியும். பெரும்பாலும் சில வாரத்துல ஆறிடும். அதனால இவ்வளவு கெடாது."

"அப்ப குழாய் வெச்சது தப்பா?"

"இல்ல. அன்னைக்கு அதான் காப்பாத்துச்சு. எடுக்காம விட்டதுதான் தப்பு. அதுமேல கல்லு கட்டி, வழியே அடைஞ்சு, சத்தமில்லாம நசுங்கிட்டே வந்திருக்கு. வலி நின்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தமில்ல தாத்தா."

சத்தமில்லாமல் நசுங்கிற்றாம். உங்கள் ஹாலில் பேச்சு நின்ற மாதிரி.

இங்கே பெரிய டாக்டர் இடது கிட்னியை எடுத்துவிடலாம் என்கிறார். டாக்டரம்மா வேறு சொல்கிறார். முதலில் முதுகு வழியாக ஒரு வெளிக்குழாய் விட்டு, தேங்கினதை வடியவிட்டு, கொஞ்ச வாரம் பொறுத்து மறுபடி படம் எடுக்கலாம். அழுத்தம் போனால் சில சமயம் கிட்னி எழுந்திருக்குமாம். எழுந்திருக்காமலும் போகலாம். அதையும் மறைக்காமல் சொன்னார்.

தெரியப்படுத்துகிறேன். யோசனை கேட்கவில்லை.

மாமா


பிப்ரவரி 1

மாமாவுக்கு,

யோசனை கேட்கவில்லை என்று எழுதியிருந்தாலும் சொல்கிறேன். இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். பதினொன்று என்றால் அது பேருக்குத்தான் கிட்னி, சீழ் பிடித்தால் ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்து, வலது நன்றாக இருப்பதால் எடுத்துவிடுவதே நல்லது என்றார்கள். ஒரு கிட்னியோடு எத்தனையோ பேர் நன்றாக இருக்கிறார்கள். பிப்ரவரி பதினெட்டாம் தேதி ஆபரேஷனுக்கு நேரம் வாங்கிவிட்டேன். பதினாறாம் தேதி கார் கொண்டு வருகிறேன். பதினொன்றுக்காக முதுகில் ஒரு குழாய், அப்புறம் ஒரு ஆபரேஷன் என்று இந்த வயதில் எதற்கு?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் இரண்டு கடிதத்திலும் நான் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறேன். நிற்கிறேன், சரி. ஆனால் வலியில் சுருண்டு கிடந்த உங்களைத் தோளில் போட்டு மூன்று மாடி இறக்கினவனும் நான்தான். அந்த வலியிலும், "லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு லிஃப்ட் இல்ல பாரு" என்று என் காதிலேயே சிரித்தீர்கள். சலூன்காரருக்கு அதையும் சொன்னீர்களா?

பாப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. "குழாய்னு அம்மாகிட்ட தெளிவா சொல்லியிருக்கலாமே" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தயாராக இருங்கள்.

மாப்பிள்ளை


மார்ச் 3

மாப்பிள்ளைக்கு,

சலூன்காரருக்குக் கடையில் கூட்டம். அதனால் உங்கள் அத்தை எழுதுகிறாள். எங்களுக்குள் பேச்சுவார்த்தை எழுதுவதற்கு மட்டும்தான்.

கார் வேண்டாம் என்று அன்றைக்கே போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மிச்சத்தை இப்போது சொல்கிறேன். என் கிட்னியை எடுக்க நீங்கள் நேரம் வாங்கியிருக்கிறீர்கள். என்னிடம் கேட்டீர்களா? திருந்துவீர்கள் என்று பார்த்தால் குழாயிலிருந்து கிட்னிக்கு முன்னேறியிருக்கிறீர்கள். சரியாக வேலை செய்யாததை எடுத்துவிடலாம் என்றால் என்னையே எடுத்துவிடுங்கள். பேக்கரியை விட்டு வந்த நாளாக நான் எந்த வேலையும் செய்யவில்லை.

தோளில் தூக்கினீர்கள். மறக்கவில்லை. தோளில் தூக்கினவன் வாயாலும் சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் வழக்கு.

முதுகில் குழாய் விட்டார்கள். இடுப்போடு ஒரு பை கட்டிவிட்டார்கள். போட்ட அன்றைக்கு வந்ததைப் பார்த்திருந்தால் நீங்கள் மயங்கி விழுந்திருப்பீர்கள், சாக்கடைத் தண்ணீர் தோற்றது. ஜுரம் இறங்கிற்று. வரவரத் தெளிந்தது. உங்கள் அத்தை காலையும் மாலையும் பையைத் தூக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்து, ஒன்றும் பேசாமல் போவாள். போன வாரம் மட்டும், "இன்னைக்கு நல்லா இருக்கு" என்றாள். அதைப் பேச்சில் சேர்க்கவில்லை.

மறுபடி படம் எடுத்தார்கள். பதினெட்டு.

டாக்டரம்மா படத்தை என் மடியில் வைத்துச் சொன்னார். "தாத்தா, உங்க இடது கிட்னி இன்னும் உழைக்குது. எடுக்க வேண்டாம்." படத்தைத் திருப்பிக் கொடுக்காமல் இன்னொரு தடவை பார்த்தேன். பெரிய சம்பாத்தியம் இல்லைதான். ஆனால் செத்துப்போனதென்று எல்லோரும் கைவிட்டது எழுந்து உட்கார்ந்திருக்கிறது.

இனி மார்ச் பதினான்காம் தேதி ஆபரேஷன். முதுகில் துளை போட்டு, மேலே கட்டியிருக்கிற கல்லை உடைத்து எடுப்பார்கள். கீழே இருப்பதை மூத்திரத் துவாரம் வழியாகவே போய் லேசரால் உடைப்பார்கள். பிறகு குழாயை உருவுவார்கள். துளை போட்டால் கிட்னிக்குக் கெடுதல் இல்லையா என்று கேட்டேன். துளை விழுந்த இடத்தில் சின்னத் தழும்பு இருக்கும், மீதிக்கு ஒன்றும் ஆகாது, கல்லை விட்டுவைத்தால்தான் கெடுதல் என்றார். அபாயம் என்ன என்றும் கேட்டேன். ரத்தம் அடங்காமல் போனால் கிட்னியை எடுத்துத்தான் ஆக வேண்டும். ஜுரம் ரத்தத்தில் ஏறினால் ஆளுக்கே ஆபத்து, உங்கள் வயதுக்கு அது கொஞ்சம் கூடுதல் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்து, ஒரு டீ குடித்துவிட்டுப் போய்ச் சம்மதம் சொன்னேன். என் கட்டைவிரல் ரேகைதான் வைத்திருக்கிறது. வேறு யார் கையெழுத்தும் இல்லை.

பாப்பாவிடம் இது எதையும் சொல்ல வேண்டாம். பயந்த சுபாவம். நல்லபடியாக முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

மாமா


மார்ச் 9

மாமாவுக்கு,

கடைசிப் பத்தியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மேசையில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டேன். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தும் ஆத்திரம் ஆறவில்லை. வந்து மறுபடி படித்தேன். அப்படித்தான் எழுதியிருக்கிறது. பாப்பா பயந்த சுபாவம். முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டு மாதமாக என்னை எந்த வார்த்தைக்காகத் தோலை உரித்தீர்களோ, அதே வார்த்தை. நான் சொன்னபோது துரோகம், நீங்கள் சொன்னால் பாசமா?

நீங்கள் மேசையில் கிடந்தபோது நானும் இப்படித்தான் நினைத்தேன் மாமா. ஒரு எழுத்துக்கூட மாறாமல் இப்படித்தான்.

கடிதத்தைப் பாப்பாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன், முதலிலிருந்து கடைசிவரை. ரத்தம், ஜுரம், வயது எல்லாம். கேட்டு முடித்துவிட்டு, "எழுதினது அம்மாவா?" என்றாள். ஆமாம் என்றேன். "இதை எங்கிட்ட மறைக்கச் சொல்லி அப்பா சொல்லச் சொல்ல, அம்மாவும் உக்காந்து எழுதியிருக்கா. ரெண்டு பேருக்கும் பேச்சில்லையாம், இதுல மட்டும் ஒத்துமை" என்று சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு பெட்டியை இறக்கினாள். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவளே வந்து சேர்ந்தாலும் சேர்வாள்.

நான் பன்னிரண்டாம் தேதி வருகிறேன். டாக்டரம்மா பேசும்போது வாசலுக்குப் போக மாட்டேன். உங்கள் கட்டிலருகே நாற்காலி போட்டு நாலு பேரும் உட்கார்ந்து கேட்போம். உங்களுக்கு விருப்பமில்லை என்றால் அதை நேரில் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 4

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்ததாகப் பாப்பா பேசினாள். அவள் அரை மணி நேரம் பேசினாள், நான் குறுக்கே பேசவில்லை. இருந்தாலும் சிலது கடிதத்தில்தான் வருகிறது.

துளை ஆறிவிட்டது. நேற்றுப் போய்க் காட்டினேன். வலது எப்போதும்போல. இடது அந்தப் பதினெட்டிலேயே நிற்கும் என்கிறார் டாக்டரம்மா. இனி ஏறாது, போன பங்கு போனதுதான், இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நீங்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்ததில் எனக்குப் பாதி ஆறியது. மீதிப் பாதி ஆறவில்லை. ஆறிவிட்டதாக எழுதினால் அதுவும் ஒரு மறைப்புத்தான். மூன்று வருஷத்தில் என் கிட்னியில் பெரும்பங்கு போய்விட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. கெட்ட எண்ணம் என்றால் ஒருவனைத் திட்டித் தீர்த்துவிடலாம்.

அதிகக் கோபம் அந்தக் கயிற்றுக் கண்ணாடிக்காரர் மேல்தான். பத்தடி தூரத்தில் நான் கண்ணைத் திறந்து படுத்திருந்தேன். என்னிடம் வந்து, "பெரியவரே, உள்ள குழாய் வெச்சிருக்கோம், ஆறு வாரத்துல வந்து எடுத்துக்கோங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? படிக்காதவன் என்றால் காதும் கேட்காது என்று நினைத்துவிட்டார்.

பாப்பா விஷயத்தில் நான் செய்ததும் அதேதான். ஒத்துக்கொள்கிறேன். உங்கள் அத்தை இந்த வரியை எழுதிவிட்டு, எழுத்துக்குக் கீழே கோடு வேறு போடுகிறாள்.

இப்போது உள்ளே புதுக் குழாய் ஒன்று இருக்கிறதல்லவா, பழையதை உருவினதும் வீக்கம் வற்றுகிற வரைக்கும் என்று வைத்தது. வைப்பதற்கு முன்னால் டாக்டரம்மா அதை என் கையில் கொடுத்து, வளைத்துப் பார்க்கச் சொன்னதை நீங்களும் பார்த்தீர்கள். செவ்வாய்க்கிழமை எடுக்கிறார்கள். இந்த முறை நான் யாரையும் நம்பியிருக்கவில்லை. சலூன்காரரிடம் சொன்னேன். மருந்துக்கடையில் சொன்னேன். பால் கொண்டுவருகிறவரிடம் சொன்னேன். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்டார், அவரிடமும் சொன்னேன். "அதுக்கெல்லாம் சலுகை கிடையாது பெரியவரே" என்றார்.

இன்று காலையில் காய்கறி வண்டிக்காரர் தெருமுனையிலிருந்தே குரல் கொடுத்தார். "பெரியவரே, குழாயை எடுத்தாச்சா?" உங்கள் அத்தை தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். நான் வாசலுக்கு வந்து, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"இன்னும் இல்லப்பா. செவ்வாய்க்கிழமை. நீயும் ஞாபகம் வெச்சுக்கோ."

மாமா